கரும்பலகையில் கடைசிப் பெயர்

அன்புள்ள பாபு,

நீ அனுப்பிய கவர் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும் என்று உன் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய் போலிருக்கிறது, பாவம், வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, 'கையெழுத்து பின்னால வரும், நீங்க கிளம்புங்க' என்று அனுப்பிவிட்டேன். அதற்காக அவரைத் திட்டாதே. கவருக்குள் இருந்த காகிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் கம்பெனியிலிருந்து வெள்ளிக்கிழமையோடு ஏழு பேரை நிறுத்துவதற்கான தீர்மானம். டைரக்டர் என்ற முறையில் நீ போட்டுவிட்டாய், இன்னொரு டைரக்டர் நான், எனக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாய். கம்பெனி பதிவு செய்ய இரண்டு பேர் வேண்டும் என்று என் பெயரைச் சேர்த்தபோது, 'சும்மா பேருக்குத்தான்மா, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்' என்றாய். ஒன்றும் செய்யாமல் இருக்க எனக்குத் தெரியாது என்பது இத்தனை வருஷத்தில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஏழு பெயரில் கடைசியாக இருப்பது ஆரோக்கியராஜ். உன் பேட்டரி கம்பெனிக்கு ஒரகடத்தில் இவ்வளவு பெரிய கட்டடமும் எழுபது பேரும் வருவதற்கு முன்னால், படப்பையில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் நீயும் அவரும் மட்டும் உட்கார்ந்து வேலை செய்தீர்களே, அந்த ஆரோக்கியராஜ். சேரப்பணஞ்சேரியிலிருந்து சைக்கிளில் வருவார். நீ அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாய். தீர்மானத்தில் அண்ணே இல்லை, ஒரு எண்ணும், 'எதிர்பார்த்த உற்பத்தித் திறனை எட்டவில்லை' என்ற ஒரு வரியும் இருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். நான் போனில் பேச ஆரம்பித்தால் நீ 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லிக்கொண்டே எதிரே நிற்பவருக்குச் சைகை காட்டுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்து முடிக்காமல் போன் செய்தால் எடுக்க மாட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மனசு இளகிவிட்டது என்று நீ நினைத்துவிடக் கூடாது. ஆளை நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் கம்பெனியில் நானும் நிறுத்தியிருக்கிறேன், ஒருவனை வாசல் வரை நானே கூட்டிக்கொண்டுபோய் விட்டிருக்கிறேன், இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை. நீ புதிதாக வைத்திருக்கும் மேனேஜரையும் குறை சொல்லவில்லை. பெரிய கம்பெனியிலிருந்து வந்தவர், கெட்டிக்காரர் என்று பார்த்தாலே தெரிகிறது. அவர் லைனுக்கு மேலே மாட்டியிருக்கும் பெரிய திரையைப் போன மாதம் வந்தபோது பார்த்தேன். யார் எத்தனை முடித்தார்கள் என்று பெயர் பெயராக ஓடுகிறது, நன்றாகச் செய்பவருக்குப் பச்சை, பின்தங்கியவருக்குச் சிவப்பு. நீ பெருமையாகக் காட்டினாய். நானும் 'பலே' என்றேன். ஆனால் அதன் பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அது ஏன் என்று அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. அதே திரையை நான் தொண்ணூற்றொன்றிலேயே மாட்டியிருந்தேன். என்னுடையது கரும்பலகை, சாக்பீஸ். வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்போது உனக்கு மூன்று வயது, ஒன்றும் நினைவிருக்காது. பிள்ளைப்பாக்கத்தில் ஒருவர் கோழிப்பண்ணைக்காக ஒரு கொட்டகை கட்டி, கோழி வராமலே அந்த யோசனையைக் கைவிட்டிருந்தார். அதை வாடகைக்குப் பிடித்தேன். பாலிடெக்னிக் முடித்து அம்பத்தூரில் ஆறு வருஷம் ஒயரிங் வேலை பார்த்த தைரியம்தான் என் முதலீடு. மொபெட் செய்யும் ஒரு கம்பெனிக்கு வண்டிக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகச் செய்து கொடுக்க வேண்டும். ஒரு பலகையில் படம் வரைந்து ஆணி அடித்திருப்போம். ஆணிகளைச் சுற்றி ஒயர்களை ஓட்டி, நுனியில் பித்தளை முனையை வைத்து அழுத்தி, டேப் சுற்றினால் ஒரு செட். உன் அப்பா ஆவடியில் ஷிப்டு வேலையில் இருந்தார். 'உனக்கு வேல குடுக்க ஆள் இல்லேன்னு நீயே கம்பெனி ஆரம்பிச்சிக்கினியா?' என்று கேலி செய்வார். செய்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஆணியும் அடித்துக் கொடுப்பார்.

ஆள் வேண்டுமே. ஊரில் விசாரித்தபோது எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள், அஞ்சலை. நடவுக்கு ஆள் கூட்டிப்போகிறவள். அவளோடு சேர்த்து எட்டுப் பெண்கள் ஒரு கூட்டமாக வயலுக்குப் போவார்கள். கூலி பேசுவது அவள், எத்தனை மணிக்கு இறங்குவது, எப்போது கரையேறுவது, யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அவள் கணக்கு. நான் தனித்தனியாக ஆள் எடுக்கலாம் என்று போனேன், அவள் மொத்தக் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். என்னை விடப் பத்து வயது பெரியவள். ஒயர்க் கட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இன்னாம்மா இது, நாத்துக் கட்டு மாதிரிதான கீது. நாத்து புடிச்ச கைக்கு இது இன்னா பெரிய வேல?' என்றாள். அடுத்த மூச்சிலேயே, 'ஒண்ணு இப்பவே சொல்லிட்டேன். நடவு வந்தா நாலு நாளு நாங்க போயிடுவோம். அப்ப வந்து நிக்காத' என்றாள். சரி என்று தலையாட்டினேன். நான் தலையாட்டியது வேலை ஆரம்பித்தால் போதும் என்ற அவசரத்தில்.

மூன்று மாதத்தில் அவர்கள் வேலையைப் பார்த்து அந்த மொபெட் கம்பெனியின் பர்சேஸ் ஆபீசரே அசந்துபோனார். ஒரு செட்கூடத் திரும்பி வரவில்லை. யார் எங்கே உட்காருவது என்பதை அஞ்சலைதான் முடிவு செய்திருந்தாள், நான் தலையிடவில்லை. அந்த வரிசையில் நடுவில் குப்பம்மா என்று ஒருத்தி. ஒடிசலான உடம்பு, பேச்சே கிடையாது, கை ரொம்ப மெதுவு. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் பத்து முடித்தால் இவள் ஆறு முடிப்பாள். அஞ்சலைக்கு உறவாக இருக்கும், இரக்கப்பட்டு நடுவில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. எட்டுப் பேர் இருக்கும்போது இப்படிப்பட்ட அறியாமையை வைத்துக்கொண்டும் கம்பெனி நடத்தலாம், பாபு. ஒன்றும் ஆகாது. ஓட்டைப் பானையிலும் கொஞ்ச நேரம் தண்ணீர் நிற்கும்.

பிறகு ஆர்டர் மூன்று மடங்காயிற்று. அந்தச் சந்தோஷத்தில் நானும் உன் அப்பாவும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். வரும் வழியிலேயே விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன். எட்டுப் பேர் முப்பது பேராக வேண்டும். முப்பது பேரை என் இரண்டு கண் பார்க்குமா? நீ இப்போது நிற்கும் இடம் அதுதான், அதனால் உன்னை நான் குறைவாக நினைக்கவில்லை. தொழில் நொடிக்கிறபோது எல்லோருக்கும் ஜாக்கிரதை வந்துவிடும். வளருகிறபோதுதான் கண் மறைக்கும். கண்ணால் பார்க்க முடியாததை எண்ணிப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். நானும் பக்கத்து ஊர்களில் ஆள் சேர்த்து, அம்பத்தூரிலிருந்து மூர்த்தி என்ற சூப்பர்வைசரைக் கொண்டுவந்தேன். நல்ல மனுஷன். ஆனால் அஞ்சலைக்கு மேலே அவரை உட்காரவைக்கும்போது அஞ்சலையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார், அவள் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அதே வாரம் கரும்பலகையும் வந்தது. பெயர், எண்ணிக்கை, அதிகம் செய்தவருக்கு வாரக் கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

எண்ணிக்கை ஏறியது, அதைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் கொட்டகையே பறந்தது. பேச்சுச் சத்தம் நின்றது, சிரிப்பு நின்றது, வேலை நடக்கிறது என்று நினைத்தேன். முன்பெல்லாம் ஒருத்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் பக்கத்தில் இருப்பவள் அவள் பலகையிலும் நாலு ஒயர் ஓட்டிவைப்பாள். அது நின்றதை நான் கவனிக்கவே இல்லை. கரும்பலகையில் கடைசியாகக் குப்பம்மாவின் பெயர் வந்தது, அடுத்த வாரமும் வந்தது, அதற்கடுத்த வாரமும். மூர்த்தி, 'மேடம், ஒரு ஆளால லைனே இழுக்குது' என்றார். அவளை லைனிலிருந்து எடுத்து, கொட்டகை பெருக்கப் போடச் சொன்னேன். நான் போய்ச் சொல்லவில்லை, மூர்த்தியை விட்டுச் சொல்லச் சொன்னேன். நான் மேசையில் குனிந்து ஏதோ பில்லைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது. அஞ்சலை மட்டும் என் மேசைக்கு வந்தாள். 'அவள அங்கேருந்து எடுக்காதம்மா. அவ கை அங்க இருக்கணும்' என்றாள். 'பாசத்துக்கெல்லாம் எடம் குடுத்தா கம்பெனி நடத்த முடியாதுக்கா' என்றேன். அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். குப்பம்மா இரண்டு நாள் பெருக்கினாள். மூன்றாம் நாள் வரவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். புரட்டாசி. பர்சேஸ் ஆபீசர் ஒரு டெம்போ நிறைய நம் செட்டுகளை ஏற்றிக்கொண்டு அவரே வந்து இறங்கினார். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, ஒரு ஒயரை இரண்டு விரலால் லேசாக இழுத்தார். முனையிலிருந்து கழன்று கையோடு வந்தது. இன்னொன்று, அதுவும் வந்தது. 'மேடம், ரோட்ல போறவனுக்கு ஹாரன் அடிக்கலன்னா உங்கள திட்ட மாட்டான், எங்களத்தான் திட்டுவான். பத்து நாள் டைம். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்' என்றார். அவர் போன பிறகு கொட்டகையின் நடுவில் நின்று கத்தினேன், உன் அம்மாவின் தொண்டை உனக்குத் தெரியும். சாப்பிட்ட சோற்றுக்கு விசுவாசம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன். யாருடைய சோற்றை யார் சாப்பிட்டார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை கொட்டகையில் ஒரு பக்கமே காலி. அஞ்சலையும் இல்லை, அவள் கூட்டத்தில் ஒருத்தியும் இல்லை.

வேலைநிறுத்தம் என்று மூர்த்தி சொன்னார். நான் கோபமாக ஊருக்குள் போனேன். எல்லோரும் ஏரிக்குக் கீழே வயலில் இருந்தார்கள், சம்பா நடவு. வரப்பில் போய் நின்றேன். அஞ்சலை நிமிர்ந்து பார்த்து, 'இன்னாம்மா, செருப்போட நிக்கிற. வழுக்கிடப் போவுது' என்றாள். 'இப்படி மொத்தமா வந்துட்டா என்ன அர்த்தம்?' என்று கேட்டேன். 'நடவு வந்தா நாலு நாளு போவோம்னு அன்னிக்கே சொன்னேனே. நேத்து மறுக்கா சொல்லத்தான் வந்தேன், நீ கத்திக்கினு இருந்த' என்றாள். திரும்பிப் போக மனமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் பின்னால் போகிறார்கள். நடுவில் குப்பம்மா. இரண்டு பக்கமும் இருப்பவர்கள் வேகமாக நட்டுப்போகிறார்கள், அந்த வேகத்தில் சில நாற்று சரியாக ஊன்றாமல் தண்ணீரில் மிதந்து எழும்புகிறது. குப்பம்மா தன் வரிசையில் ஒன்று நடுவாள், கையை நீட்டி இடது பக்கம் மிதப்பதை அமுக்குவாள், வலது பக்கம் ஒன்றை அமுக்குவாள், பிறகுதான் தன்னுடைய அடுத்த நாற்று. அவள் பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் இவள் பங்கில் இரண்டு குத்து நட்டுவிட்டுப் போகிறாள். ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. கரையேறி என் பக்கத்தில் வந்து நின்ற அஞ்சலையிடம், 'அவங்க எப்பவும் இப்படித்தானா?' என்று கேட்டேன். 'அதுக்குத்தான் அவள நடுவுல வுடறது. வேகமா நடறவளுங்க பக்கத்துல அவ இல்லன்னா, நாளிக்கு வந்து பாத்தா நாத்து மெதந்துக்கினு கெடக்கும். ஷெட்டுலயும் அதத்தான செஞ்சா. ரெண்டு பக்கமும் ஒயர இழுத்து இழுத்துப் பாத்துக்கினு, லூசா இருந்தா அவளே மறுக்கா அமுத்திக்கினு' என்றாள். 'ஏன்க்கா இத எங்கிட்ட சொல்லல?' என்றேன். 'சொன்னேனே. அவ கை அங்க இருக்கணும்னு. வேற எப்டி சொல்றது?' என்றாள் அஞ்சலை.

நாலு நாள் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். அதற்குள் கரும்பலகையை நானே அழித்திருந்தேன். எல்லோரையும் கூட்டி நிற்கவைத்து, தப்பு என்னுடையது, உங்களிடம் விசுவாசம் கேட்டது அதைவிடப் பெரிய தப்பு என்று சொன்னேன். சொல்லும்போது மூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், முதலாளி இப்படியெல்லாம் பேசலாமா என்று. பேசலாம். பேசினால் மரியாதை போய்விடும் என்பது மரியாதை இல்லாதவர்களின் பயம். லைனை அஞ்சலையிடம் ஒப்படைத்தேன், மூர்த்தி கணக்கையும் சரக்கையும் பார்த்துக்கொண்டார், இரண்டு பேருக்கும் அதில் நிம்மதி. எண்ணுவதையும் நிறுத்தவில்லை, தனி ஆளை விட்டுவிட்டு மேசைக்கு மேசை எண்ணினோம். ஒவ்வொரு மேசையிலும் ஒயரை இழுத்துப் பார்ப்பதற்கென்றே ஒருத்தியை உட்காரவைத்தோம். பத்தாம் நாள் சரக்கு போயிற்று, திரும்பி வரவில்லை. அந்தக் கொட்டகையிலிருந்து உன் படிப்பும் இந்த வீடும் வந்தன. என் சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், நான் நன்றாகவே நடத்தினேன். ஆனால் நன்றாக நடத்தக் கற்றுக்கொண்டது அந்த வரப்பில் வெறுங்காலோடு நின்றபோதுதான்.

இதைப் படித்துவிட்டு, ஆரோக்கியராஜும் இன்னொரு குப்பம்மா என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அவர் வெறும் சோம்பேறியாகவே மாறியிருக்கலாம். கண் பார்வை குறைந்திருக்கலாம், வீட்டில் ஏதாவது தொல்லை இருக்கலாம், உன் மேல் மனத்தாங்கலாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, அதுதான் என் கவலை. அவர் ஏன் சிவப்பில் இருக்கிறார் என்று நேற்று உன் மேனேஜருக்குப் போன் போட்டுக் கேட்டேன், கோபித்துக்கொள்ளாதே. 'நம்பர் அப்படித்தான் மேடம் சொல்லுது' என்றார். நம்பர் சொல்லும், பாபு, எத்தனை என்று சொல்லும். ஏன் என்று கேட்டால் அதற்கு வாய் கிடையாது. அதைக் கேட்க ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனிடம் போக வேண்டும். எழுபது பேரில் அது முடியாது என்பாய். எழுபது பேரிடம் போகச் சொல்லவில்லை. ஏழு பேரிடம். உன் ஆபீஸ் சுவரில் 'நாம் ஒரு குடும்பம்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறாயே, அதையும் அழித்துவிடு. குடும்பத்தில் யாரும் யாரையும் டிரைவர் கையில் கவர் கொடுத்து அனுப்புவதில்லை.

குப்பம்மா திரும்பி வரவில்லை. அதை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே, நடவு முடிந்ததும் அவள் வீட்டுக்கே போனேன். பாய் விரித்து உட்காரச் சொன்னாள், டீ போட்டுக் கொடுத்தாள். தப்பு செய்துவிட்டேன், உங்கள் இடம் அப்படியே இருக்கிறது, வாருங்கள் என்றேன். 'வர்லம்மா' என்றாள். 'கோவமெல்லாம் இல்ல. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா பலகைல கடேசில கீறது என் பேருன்னு தெரியும். எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க.' பிறகு டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, 'ஏன் குப்பம்மா லேட்டாவுதுன்னு என்னாண்ட ஒரு வார்த்த நீ கேட்டிருந்தா, சொல்லியிருப்பேனே' என்றாள். பாபு, எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், ஒன்றும் நினைவில்லை. திட்டாமல் சொன்ன இந்த ஒன்று முப்பது வருஷத்துக்கு மேலாக என்னோடு இருக்கிறது. அது உனக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஏழு பேரிடமும் நீயே போ. உன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பாதே, அவர்கள் வேலை செய்யும் இடத்தில் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார். ஆரோக்கியராஜிடம் கடைசியாகப் போ, அவரிடம் உனக்கு நேரம் அதிகம் பிடிக்கும். ஏன் என்று கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. அதற்குப் பிறகும் அவரை அனுப்பத்தான் வேண்டும் என்று தோன்றினால், நீயே அவர் முகத்தைப் பார்த்து, 'அண்ணே' என்று கூப்பிட்டு, அதைச் சொல். உன்னால் அப்படிச் சொல்ல முடிந்தால் எனக்குப் போன் செய், நானே பஸ் ஏறி ஒரகடத்துக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா